ஒரு வெள்ளிக்கிழமையின் எண்

"எல்லாப் பவுர்ணமியும் ஒண்ணு இல்ல சார். சில பவுர்ணமிக்குத் தண்ணி மேல் படி வரைக்கும் ஏறும். சில பவுர்ணமிக்கு நடுப் படியிலேயே நின்னுடும்."

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னது இது. அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் படகுகள், இன்னொரு பக்கம் சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடு. நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும் நாட்களில் அந்த ஒரு மீட்டருக்குள் ஒரு சாண் கூடுவதும் குறைவதும் படகுக்காரருக்குப் பெரிய விஷயம். பெரியவர் எந்தப் புத்தகத்தையும் படித்துச் சொல்லவில்லை. படியைப் பார்த்துச் சொன்னார். சரியாகவே சொன்னார்.

சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை வட்டம் அல்ல, சற்றே நீண்டது. கிட்டே வரும்போது சராசரியாக 3,63,000 கிலோமீட்டர், எட்டப் போகும்போது 4,05,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலை இழுக்கும் விசை தொலைவின் முப்படிக்கு எதிராக மாறுவதால், கிட்டே இருக்கும் சந்திரன் எட்ட இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இழுக்கிறது. பௌர்ணமியன்று சந்திரன் கிட்டேயும் இருந்துவிட்டால் மேல் படி நனையும். எட்ட இருந்தால் நடுப் படியோடு சரி.

ஆக, படகுக்காரருக்கும் சரி, பஞ்சாங்கக்காரருக்கும் சரி, ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இன்றைக்குச் சந்திரன் கிட்டே இருக்கிறதா, எட்ட இருக்கிறதா? பஞ்சாங்கக்காரருக்கு இது இன்னும் முக்கியம். கிட்டே இருக்கும்போது சந்திரன் வேகமாக ஓடும், ஒரு நாளில் 14 பாகையைத் தாண்டிவிடும். எட்ட இருக்கும்போது 12 பாகைதான் நகரும். இந்த வேக வித்தியாசம் தெரியாமல் கிரகணம் சொல்லப் போனால் மணிக்கணக்கில் தப்பும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர்கள் ஒரு பெரிய எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 16,00,984. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வேதம்'.

பெரிய எண் என்றதும் இன்றைய கணித ஆட்கள் சிரிக்கலாம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கின்றன. அதன் பக்கத்தில் ஏழு இலக்கம் கொண்ட ஓர் எண் எம்மாத்திரம்? இருக்கட்டும். அந்தப் பகா எண்ணை யாரும் சோழியை வைத்துக் கணக்குப் போட்டதில்லை. இதைப் போட்டார்கள். புதுச்சேரியில், ஒரு பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டார்கள்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தி. வானியல் வரலாற்றிலேயே இவரைப்போல் துரதிர்ஷ்டம் பிடித்த ஆள் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம். சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்துபோகும் காட்சியை 1761 ஜூன் 6 அன்று புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக, 1760இலேயே பிரான்சை விட்டுக் கப்பலேறினார். வழியிலேயே சேதி வந்தது, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது என்று. கப்பல் திரும்பியது. வெள்ளி கடந்த அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் தளத்தில் நின்று பார்க்க முடிந்தது, அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்துமாக்கடல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்துசேர்ந்தார். ஆங்கிலேயர் தகர்த்துவிட்டுப் போன கோட்டையின் இடிபாடுகள் மேல் அவருக்கு ஒரு வான்நோக்கு நிலையம் கட்டித் தந்தார்கள். 1769 ஜூன் 4 விடிகாலை. முந்தின நாட்கள் எல்லாம் தெளிவாக இருந்த வானம் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் விலகியது. பிரான்சுக்குத் திரும்பினால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பங்குபோடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆனால் புதுச்சேரியில் வெள்ளிக்காகக் காத்திருந்த அந்த ஓராண்டு வீண்போகவில்லை. இங்கிருந்த தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவர்கள் எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார்கள், வேண்டிய அட்டவணைகள் எல்லாம் மனப்பாடத்தில் இருந்தன. லெ ஜாந்தி சோதித்துப் பார்த்தார். அவர் இங்கே வருவதற்கு முன்பு, 1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கிடச் சொன்னார். தமிழ்க் கணக்கு உண்மை நேரத்தைவிட 41 விநாடி குறைவாகக் காட்டியது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணை ஜெர்மானியர் டோபியாஸ் மேயருடையது. அது 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

இதை வைத்துக்கொண்டு உடனே மார்தட்டிவிடக் கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சோழிக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அந்த 1765 ஆகஸ்ட் 30ஐயே எடுத்துக்கொள்வோம்.

கலியுகம் பிறந்ததாகச் சொல்லப்படும் நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து எத்தனை நாள் கழிந்தது என்பதுதான் பஞ்சாங்கக் கணக்கின் அடிமுதல். வருஷம், மாசம் எல்லாம் அப்புறம். நாட்களை ஒரே நூலில் கோத்துக்கொண்டே போவது, அவ்வளவுதான். 1765 ஆகஸ்ட் 30 காலைச் சூரிய உதயத்தில் அந்த எண் 17,77,489.

இதிலிருந்து முதலில் 'வேதம்' என்ற 16,00,984ஐக் கழிக்க வேண்டும். மீதி 1,76,505. அடுத்த எண் 12,372. இதன் பெயர் 'ரசகெரிகை'. மீதியில் இது 14 முறை அடங்குகிறது, 1,73,208 போக 3,297 நிற்கிறது. மூன்றாவது எண் 3,031, பெயர் 'கலாநிலம்'. ஒரு முறை போகிறது, மீதி 266. நான்காவது 248. இதன் பெயரைக் கேட்டால் அப்பரும் சம்பந்தரும் நினைவுக்கு வருவார்கள். 'தேவாரம்'. இதுவும் ஒரு முறை போகிறது. கடைசி மீதி 18.

பதினேழு லட்சத்துச் சொச்சம் நாள் நான்கே படியில் 18ஆகச் சுருங்கிவிட்டது. இந்த 18க்கு என்ன பொருள்? சந்திரன் எட்டத்தில் மிக மெதுவாக ஊர்ந்த ஒரு காலையிலிருந்து, இது பதினெட்டாம் நாள். கணிதருக்கு 1 முதல் 248 வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒன்று கலை) என்று தொடங்குகிறது, மெதுவான முதல் நாளில் சந்திரன் நகரும் தூரம் அது. பதினெட்டாம் வாக்கியத்தைச் சொன்னால் பதினெட்டு நாளில் சேர்ந்த தூரம் வந்துவிடும். அதோடு, தள்ளிவிட்ட ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் உரிய பாகையைச் சேர்க்க வேண்டும். வேதத்துக்கு 212 பாகை, ஒவ்வொரு ரசகெரிகைக்கும் 297 பாகை 48 கலை, கலாநிலத்துக்கு 337 பாகை 31 கலை, தேவாரத்துக்கு 27 பாகை 44 கலை. 360ஐத் தாண்டும்போதெல்லாம் ஒரு சுற்றைத் தள்ளிவிடலாம். நம் கணக்கில் இவை எல்லாம் கூடி ஏறத்தாழ 66½ பாகை. பதினெட்டாம் வாக்கியத்தையும் சேர்த்தால் சந்திரன் கும்ப ராசியில் வந்து நிற்கிறது. மாசமோ ஆவணி, சூரியன் சிம்மத்தில். கும்பத்துக்கு நேர் எதிரே சிம்மம். அன்று இரவு பௌர்ணமி, கிரகணம். உள்ளூர் நேரத் திருத்தம் முதலிய சில்லறை வேலைகளை விட்டுவிட்டேன். எலும்புக்கூடு இதுதான்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த 'வாக்கியம்' இந்த வாக்கியம்தான். சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்று வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சண்டை வரும்போது மட்டும் நமக்கு இந்தச் சொல் காதில் விழுகிறது.

இப்போது கணித ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். ஏன் 248? 250 என்று சுளுவாக வைத்துக்கொண்டால் என்ன? 3,031 எங்கிருந்து குதித்தது?

சந்திரன் எட்டத்திலிருந்து கிட்டே வந்து மறுபடி எட்டத்துக்குப் போக 27 நாள், 13 மணி, 18½ நிமிடம் ஆகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் 29½ நாள் வேறு கணக்கு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் காலைச் சூரிய உதயத்தில், மணி ஆறு என்று வைத்துக்கொள்வோம், சந்திரன் சரியாக எட்டத்தில் இருக்கிறது. ஒரு சுற்று முடியும்போது மணி இரவு 7.18 ஆகிவிடுகிறது. உதயத்தோடு ஒட்டவில்லை. இரண்டு சுற்று முடிந்தால் 55 நாளும் 2 மணி 37 நிமிடமும். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் உதயம் தாண்டிவிட்டது. ஒன்பது சுற்று முடியும்போதுதான் வேடிக்கை நடக்கிறது. 248ஆம் நாள் உதயத்துக்கு வெறும் 13 நிமிடம் முன்பாகச் சுற்று முடிகிறது. ஏறக்குறைய ஒட்டிவிட்டது! அதனால்தான் 248 வாக்கியம். 249ஆம் நாள் மறுபடி முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 250 என்று வைத்தால் சந்திரன் இரண்டு நாள் முன்னே ஓடிப்போயிருக்கும்.

ஆனால் ஒவ்வொரு 248க்கும் 13 நிமிடம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு 248 வைத்தால் 12 × 13 = 156 நிமிடம், அதாவது 2 மணி 36 நிமிடம் முன்னதாக வந்து நிற்போம். இந்த இடத்தில் மேலே பார்த்த இரண்டு சுற்றுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் 2 மணி 37 நிமிடம் பிந்தியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் முந்தியதும் பிந்தியதும் ஒன்றையொன்று தின்றுவிடும். 12 × 248 + 55. எவ்வளவு? 3,031. அதில் 110 சுற்று. சுற்று முடியும் நேரத்துக்கும் உதயத்துக்கும் இடைவெளி இன்றைய அளவின்படி 43 விநாடி. எட்டு ஆண்டுக்கும் மேலான காலத்தில் முக்கால் நிமிடப் பிசகு!

எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இது. பின்னமே இல்லாமல், தசமப்புள்ளி இல்லாமல், முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஒழுகலை இன்னொரு ஒழுகலால் அடைப்பது. கணிதத்தில் இதற்குத் தொடர் பின்னம் என்று பெயர். 27.55455 என்ற எண்ணைத் தொடர் பின்னமாக விரித்தால் 55/2, 248/9, 3031/110 என்று அடுத்தடுத்து வந்து விழும். இவ்வளவு சிறிய பகுதியை வைத்துக்கொண்டு இதைவிட நெருக்கமான பின்னம் கிடைக்காது என்பது நிரூபிக்கப்பட்ட தேற்றம்.

12,372க்கும் இதே சூத்திரம். 4 × 3,031 + 248. சுற்றுகளும் அப்படியே, 4 × 110 + 9 = 449. இன்றைய அளவின்படி பார்த்தால் இதன் பிசகு 10 நிமிடம், 3,031ஐவிட மோசம். கணிதர்கள் தவறிவிட்டார்களா என்றால், அவர்கள் கையில் இருந்த சுற்றுக்காலம் இன்றையதைவிட ஒரு நூல் கூடுதல். கேரளத்தின் சங்கமகிராம மாதவன் இதையே இன்னும் நீட்டி 1,88,611 நாளுக்கு 6,845 சுற்று என்று வைத்தான். 15 × 12,372 + 3,031 போட்டுப் பாருங்கள், அந்த எண் வரும். மாதவனின் அந்த அளவுப்படி 12,372 நாளில் பிசகு சில விநாடிகள்தான். அவரவர் கடிகாரத்துக்கு அவரவர் எண் பொருந்துகிறது.

வேதம் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது சுற்றுக் கணக்கு அல்ல, ஒரு தேதி. கலி தொடங்கி 16,00,984 நாள் கழிந்த காலை, கி.பி. 1282 மே 22. அன்றைய உதயத்தில் சந்திரன் சரியாக எட்டத்தில் இருந்தது என்று எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்தார்கள். இன்றைய வானியல் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போய் நானே பார்த்தேன். அன்று புதுச்சேரி உதயத்தில் சந்திரனின் சராசரி நிலைக்கும் எட்டப்புள்ளிக்கும் இடைவெளி ஒரு பாகைகூட இல்லை. கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துப் பக்கம் உருவான 'வாக்கியகரணம்' என்ற கணித நூலும் இந்தக் காலத்தை ஒட்டியதுதான். சுந்தரராஜர் உரையோடு அதைக் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளியிட்டார்கள்.

எண் ஆர்வலர்கள் ஓர் எண்ணைப் பார்த்ததும் முதலில் காரணிப்படுத்திப் பார்ப்பார்கள். எனக்கும் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. 16,00,984 = 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113. மொத்தம் 64 வகுத்திகள். நன்றாகவே உடைகிறது. இதில் 11க்கும் 23க்கும் 113க்கும் சந்திரனோடு ஒரு சம்பந்தமும் இல்லை. 7க்கு மட்டும் உண்டு, சந்திரனோடு அல்ல, கிழமையோடு. கலி தொடங்கியது வெள்ளி. ஏழால் மீதியில்லாமல் வகுபடும் எந்த நாளும் வெள்ளிதான். ஆகவே வேதமும் வெள்ளிக்கிழமை. 1282 மே 22 வெள்ளியா என்று பழைய ஐரோப்பிய நாட்காட்டியைப் போட்டுப் பார்த்தால், வெள்ளிதான்.

இது வெறும் விளையாட்டு இல்லை. கலி நாள் எண்ணைக் கண்டுபிடிக்கும்போது ஒரு நாள் கூடவோ குறையவோ தப்பிவிடுவது சகஜம். ஏழு இலக்க எண்ணில் ஒன்று தப்பியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 0 வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு. நடப்புக் கிழமையோடு ஒத்துவராவிட்டால் ஒன்றைக் கூட்டியோ கழித்தோ திருத்திவிடலாம். இன்றைக்கு ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் எந்த வேலையைச் செய்கிறதோ, அதே காவல் வேலையைக் கிழமை செய்தது. நம் 17,77,489ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லை. 1765 ஆகஸ்ட் 30 வெள்ளிக்கிழமை. 3,031கூட 7 × 433. ஒரு கலாநிலம் கழிந்தால் அதே கிழமை திரும்பி வரும்.

சரி, இத்தனை எண்ணையும் எப்படி மறக்காமல் வைத்திருந்தார்கள்? பெயரிலேயே எண்ணைப் பூட்டிவைத்தார்கள். கடபயாதி என்பது அந்தப் பூட்டு. மெய்யெழுத்துக்கு ஓர் இலக்கம், உயிருக்கு மதிப்பில்லை, சொல்லின் முதல் எழுத்து எண்ணின் கடைசி இலக்கம். 'தேவாரம்' எடுத்துக்கொள்ளுங்கள். 'தே' 8, 'வா' 4, 'ர' 2. திருப்பிப் படித்தால் 248. 'கலாநிலம்' 1, 3, 0, 3. திருப்பினால் 3,031. 'ரசகெரிகை' 2, 7, 3, 2, 1. திருப்பினால் 12,372. 'வேதம்' என்பதில் 'வே' 4, 'த' 8. எண்ணின் வாலாகிய 84 வந்துவிட்டது.

ஒரு சிக்கல் இருக்கிறது, தமிழ் எழுத்தின் சிக்கல். கடபயாதி வடமொழி ஒலிகளுக்குச் செய்தது. அதில் நான்கு தகரம், மதிப்பு 6, 7, 8, 9. நமக்கோ ஒரே 'த'. ஆகவே 'தேவாரம்' என்று தமிழில் எழுதிவைத்தால் அது 246ஆ, 247ஆ, 248ஆ, 249ஆ என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒலித்துக் காட்டினால்தான் தெரியும். ஓலையில் எழுதிப் படித்திருந்தால் எப்போதோ எண் சிதைந்திருக்கும். வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு என்று போனதால்தான் தப்பித்தது என்பது என் எண்ணம்.

இப்போது மார்தட்ட வேண்டாம் என்று சொன்னேனே, அந்த இடம். லெ ஜாந்தி போய் அரை நூற்றாண்டு கழிந்து, ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் இதே சோதனையைச் செய்தார். பிரெஞ்சுப் பின்னணி, ஆங்கிலேயரிடம் வேலை. சென்னை வான்நோக்கு நிலையத்தைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். கோலாரில் தங்கம் இருக்கிறது என்று 1802இல் முதன்முதலாக ஆங்கிலேயருக்கு எழுதியவரும் இவரே. 'காலசங்கலித' என்ற பெயரில் நம் நாட்காட்டிகளைப் பற்றி 1825இல் சென்னையில் ஒரு பெரும் நூல் வெளியிட்டார், 1830இல் புதுச்சேரியிலேயே கண்மூடினார். தன் காதுக்குக் கேட்டபடி 'சாமி நாடன் சாஷியா' என்று அவர் எழுதிவைத்திருக்கும் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர், 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைத் தரையில் சோழி வைத்துக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம் தவறியது. நடு 23 நிமிடம். முடிவு 52 நிமிடம்.

41 விநாடி எங்கே, 52 நிமிடம் எங்கே! இரண்டும் ஒரே முறைதான். முதலாவதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருந்தது என்று சொல்வதே நேர்மை. வாரன் இன்னொன்றும் குறித்தார். அந்தக் கணிதருக்குக் கணக்கின் ஏன், எதற்கு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம். இதைப் படித்துச் சிலர் கோபப்படுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. 13 நிமிட ஒழுகலை 157 நிமிடத்தால் அடைத்த அந்த முதல் மூளை யாருடையதோ, அது வேலையை எவ்வளவு கச்சிதமாக முடித்துவைத்திருந்தால், பல நூறு ஆண்டுக்குப் பிறகு காரணம் தெரியாதவர் கையிலும் கணக்கு ஓடியிருக்கும்!

அந்த முதல் மூளை யாருடையது? 1952இல் ஓட்டோ நாய்கபாவர் என்ற கணித வரலாற்றறிஞர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் காட்டிய சான்றுகள் திகைக்கவைப்பவை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூலகத்தில் எகிப்திலிருந்து கொண்டுபோன ஒரு கிரேக்கப் பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. அதிலும் சந்திரன் 248 நாளிலும் 3,031 நாளிலும்தான் ஓடுகிறது. பதினொரு 248, ஒரு 303, ஆக 3,031. அதற்கும் முந்தைய பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் 248 நாள் கணக்கு உண்டு. இந்தியாவில் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த பஞ்சசித்தாந்திகையிலும் இதே 248, இதே 3,031. புதுச்சேரித் தரையில் நகர்ந்த சோழிகள் ஈராயிரம் ஆண்டு பழைய கணக்கின் கடைசி உயிருள்ள சாட்சிகள் என்பது அவர் கண்டது.

தேங்காய்த்திட்டில் நின்று இதைப் படிக்கும்போது மனம் தானாக ஆற்றின் மேல்பக்கம் போகும். இதே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகத்தின் மதுச்சாடிகளையும் இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களையும் எடுத்த இடம். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்த பழைய செங்கற்களைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நம் லெ ஜாந்தியே. மதுச்சாடி வந்த கப்பலில் 248உம் வந்து இறங்கியிருக்குமோ என்று கற்பனை செய்ய ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நினைக்க அரிக்கமேட்டு மண்ணில் ஒரு துண்டு ஆதாரமும் கிடைக்கவில்லை, கணக்கு எழுதிய ஓட்டாஞ்சில்லும் இல்லை. தொடர் பின்னத்தின் சுபாவமே, யார் பொறுமையாக எண்ணினாலும் 55, 248, 3,031 என்றுதான் கொண்டுபோய் நிறுத்தும். கடன் வாங்கியிருக்கலாம், தானாகவும் வந்திருக்கலாம். எண் இரண்டு வாதத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் மெதுவான நாளிலிருந்து எண்ணி, அதே இரண்டு எண்ணையும் சேர்த்தே பயன்படுத்துவது தற்செயல் என்று நம்ப எனக்குச் சற்றுக் கஷ்டமாக இருக்கிறது.

வாசகர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சோழி வேண்டாம், ஒரு காகிதம் போதும். 2000 ஜனவரி 1 காலைக்குரிய கலி நாள் எண் 18,63,079. அதை ஏழால் வகுத்தால் மீதி 1, சனிக்கிழமை, அன்று சனிக்கிழமைதான். உங்கள் பிறந்த தேதி அதற்கு எத்தனை நாள் முன்னே அல்லது பின்னே என்று பார்த்துக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள், லீப் வருஷத்தை மறக்காதீர்கள். கிழமை ஒத்துவந்தால் 16,00,984ஐக் கழித்துவிட்டு 12,372, 3,031, 248 என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். கடைசியில் நிற்கும் மீதியில் 27½ஐ எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை எடுங்கள். 0க்கோ 27க்கோ பக்கத்தில் நின்றால் நீங்கள் பிறந்த அன்று சந்திரன் எட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. 14க்குப் பக்கத்தில் நின்றால் கிட்டே வந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று பௌர்ணமியாகவோ அமாவாசையாகவோ இருந்திருந்தால், தேங்காய்த்திட்டில் தண்ணீர் மேல் படிக்கு வந்திருக்கும்.